உழைச்செல்வான்

மருத்துவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவர் மருத்துவர். அடுத்து வருவது மருந்து. நோயாளியையும் நாம் மறப்பதில்லை; அவர் இல்லையேல் மற்ற இரண்டுக்கும் வேலையே இல்லை. ஆனால் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது இம்மூன்றோடு நின்றுவிடவில்லை. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக ஒருவனையும் சேர்த்து, மருத்துவம் என்பது இந்நான்கும் கூடியதே என்று வகுத்தார். அந்த நான்காமவனுக்கு அவர் வழங்கிய பெயர் உழைச்செல்வான் என்பதாகும். உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து, மருந்தைக் காலந் தவறாது கொடுத்து, வேண்டுவன எல்லாம் செய்பவன் அவன்.

இப்பேச்சில் அந்த நான்காமவனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவன் செய்ய வேண்டிய வேலை யாது? அவ்வேலைக்குத் தக்கவர் யார்? இக்கேள்விகள் நேற்றுத் தோன்றியவை அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் இவற்றைக் கேட்டு வந்திருக்கின்றனர். சில காலங்களில் மிக நல்ல விடைகளும் கண்டிருக்கின்றனர். ஆயினும் மருத்துவ வரலாற்று நூல்களைப் புரட்டினால், அரசர் வரலாற்றில் குதிரை பிடித்தவனுக்கு எத்தனை வரிகள் கிடைக்குமோ அத்தனை வரிகளே உழைச்செல்வானுக்கும் கிடைத்திருக்கக் காண்கிறேன்.

பழைய நூல்களில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த நிகழ்ச்சி ஒன்று பௌத்தர்களின் விநய பிடகத்தில், மகாவக்கம் என்னும் பகுதியில் இருக்கிறது. புத்தர் பெருமான் ஆனந்தரோடு பிக்குகள் தங்கியிருக்கும் இடங்களைச் சுற்றிப் பார்த்து வருகிறார். ஓரிடத்தில் வயிற்று நோயால் வருந்தும் பிக்கு ஒருவர், எழ மாட்டாமல், தம் மலத்திலும் சிறுநீரிலுமே கிடக்கிறார். உமக்குப் பணிவிடை செய்வார் ஒருவரும் இல்லையா என்று புத்தர் வினவுகிறார். இல்லை என்கிறார் நோயாளி. ஏன் என்று கேட்டபோது அவர் கூறும் விடை நெஞ்சைத் தைப்பது. தம்மால் மற்றப் பிக்குகளுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆதலால் அவர்களும் தம்மைக் கவனிப்பதில்லை என்கிறார். அதைக் கேட்ட புத்தர் உடனே அறவுரை கூறத் தொடங்கவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்து, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகின்றனர். இவ்வளவும் முடிந்த பின்னரே பிக்குகளின் கூட்டம் கூட்டப்படுகிறது. தாயையும் தந்தையையும் விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று அவர்களைக் கேட்கிறார். தமக்குத் தொண்டு செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குத் தொண்டு செய்யட்டும் என்றும் அப்போதுதான் சொல்கிறார்.

தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர் என்ற அந்தச் சிறு குறிப்பை அந்நூல் விடாமல் பாதுகாத்து வைத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். தளர்ந்த உடம்பைத் தனியாளாகத் தூக்க முயன்றவர்களுக்கு அக்குறிப்பின் அருமை தெரியும்.

அந்நிகழ்ச்சியை ஒட்டியே, நோயாளியைப் பேணுவதற்குத் தகுதியுடையவன் யார் என்பதற்கு ஐந்து இலக்கணங்கள் கூறப்படுகின்றன. மருந்தை ஆயத்தம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளிக்கு ஒத்துக்கொள்வது எது, ஒவ்வாதது எது என்பதை அறிந்து, ஒத்ததைக் கொண்டுவந்து ஒவ்வாததை அப்புறப்படுத்த வேண்டும். ஆதாயத்தை எதிர்பார்த்துச் செய்யாமல் அன்பினால் செய்ய வேண்டும். மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் ஆகியவற்றை அகற்றுவதில் அருவருப்புக் கொள்ளலாகாது. அவ்வப்போது நல்லுரை கூறி நோயாளியின் மனத்தை ஊக்குவிக்க வேண்டும். இவ்வைந்தில் மூன்றாவதாக வருவதே அன்பு. அறிவும் பழக்கமும் அதற்கு முன் நிற்கின்றன. நல்ல மனம் ஒன்றிருந்தால் போதும், நோயாளியைப் பேணிவிடலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்தத் துறவிகள் அப்படி எண்ணவில்லை. ஒவ்வாத உணவை அன்போடு ஊட்டுகிறவனால் நோயாளிக்குக் கேடே விளையும் என்பதை அவர்கள் கண்டிருக்க வேண்டும்.

நோயாளிக்கும் ஐந்து இலக்கணங்கள் உண்டு என்பது பலர் அறியாத செய்தி. பத்தியம் காக்காதவன், நல்லதிலும் அளவறியாதவன், மருந்துண்ண மறுப்பவன், தன் நோய் கூடியது குறைந்தது பற்றித் தன்னைப் பேணுவோனிடம் உண்மை சொல்லாதவன், வலியைப் பொறுக்க மாட்டாதவன் ஆகியோரைப் பேணுதல் அரிது என்று அந்நூல் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறது. பணிவிடை செய்பவனின் சலிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நூல்கள் மிகச் சிலவே. இஃது அவற்றுள் ஒன்று. இன்னொரு விதியும் அங்கே உண்டு. நோயுற்ற பிக்கு இறந்துவிட்டால் அவருடைய பாத்திரமும் துவராடைகளும் அவரைப் பேணியவர்களுக்கே சேர வேண்டும் என்பது அவ்விதி. ஒரு துறவிக்கு உடைமை என்று இருந்தவை அவைதாம். ஆதாயம் கருதாமல் செய்க என்று பேணுவோனிடம் சொன்னவர்கள், அவனுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டுவதில்லை என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள். பிற்காலத்தார் இவற்றைக் குழப்பிக்கொண்டதைப் பின்னர்க் காண்போம்.

ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதையும் மருத்துவத்தை நான்கு பாதங்கள் உடையதாகவே கூறுகிறது. பணிவிடையாளனுக்கு அந்நூல் கூறும் குணங்களும் நான்கு: பணிவிடை முறையை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடம் பற்று, தூய்மை. இங்கும் அறிவே முதலில் வருகிறது. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும் நோயாளியிடம் அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு என்று நான்கினை எடுத்துரைக்கிறார். இவ்விரு நூல்களுக்கும் இடையே உள்ள ஒப்புமை, இக்கருத்து நாடெங்கும் வழங்கிய பொதுக் கருத்து என்பதைக் காட்டும்.

சரக சம்ஹிதையின் மற்றோர் இடத்தில், நோயாளியைத் தங்க வைக்கும் வீடு எவ்வாறு இருக்க வேண்டும் என்ற விவரம் வருகிறது. புகையும் வெயிலும் தூசியும் புகாத வீடு. காதுக்கும் கண்ணுக்கும் இனிமையல்லாதவை அணுகாத வீடு. குளிப்பதற்கும் சமைப்பதற்கும் மலங்கழிப்பதற்கும் தனித்தனி இடமுள்ள வீடு. அவ்வீட்டில் இருக்க வேண்டிய ஆட்களையும் அந்நூல் குறிப்பிடுகிறது. பருப்பும் சோறும் சமைக்கத் தெரிந்தவர், நீராட்டத் தெரிந்தவர், உடம்பு பிடித்துவிடத் தெரிந்தவர், படுத்திருப்பவரை எழுப்பவும் படுக்க வைக்கவும் தெரிந்தவர், மருந்தரைக்கத் தெரிந்தவர் முதலியோர் வேண்டுமாம். எந்த வேலைக்கும் முகஞ்சுளிக்காதவர்களாக அவர்கள் இருக்க வேண்டுமாம். அத்தோடு பாடவும் கதை சொல்லவும் வல்லவர்களும், முகக்குறிப்பைக் கண்டே நோயாளியின் விருப்பத்தை அறிந்துகொள்பவர்களும் வேண்டும். நல்ல குணமுடைய, நோயற்ற, கன்று உயிரோடிருக்கும் கறவைப் பசு ஒன்றும் வேண்டும் என்று சொல்லும்போது, இதை எழுதியவர் நோயாளியின் வீட்டில் பல நாள் இருந்து பார்த்தவர் என்ற எண்ணம் எனக்கு உண்டாகிறது. படுத்தவரை எழுப்பி உட்கார வைப்பதை ஒரு தனித்திறமையாக அவர் எண்ணியதே போதுமே. இவையெல்லாம் செல்வர் வீட்டுக்கு உரிய ஏற்பாடுகள் என்பதையும் நாம் மறக்கலாகாது. பணிவிடையாளனுடைய பற்றைக் குறிக்கும் இடத்தில் அந்நூல், தலைவனிடத்துப் பற்று என்ற பொருள்படும் சொல்லையே ஆள்கிறது. நோயாளி தலைவன், பேணுகிறவன் ஏவலாள். நூலில் அவன் மருத்துவத்தின் நான்கில் ஒரு பாதம். வீட்டிலோ அவன் கூலியாள்.

ஏவலாளின் நிலை நம் நாட்டில் எவ்வாறு இருந்தது என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வேதம் கற்கும் மாணவர்களுக்கும் கோயிற் பணியாளர்களுக்குமாக அங்கே வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை நடந்தது. ஆதுலர் சாலை என்பது மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சுபவர் இருவர், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவருபவர் ஒருவர். இரவு முழுதும் எரிய ஒரு விளக்கு. மருந்துகளின் பெயர்ப்பட்டியலும் இருக்கிறது. 900 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய இவ்வாவணத்தைக் குறித்து நாம் பெருமை கொள்வது முறையே.

ஆனால் கல்வெட்டைப் பெருமைக்காக மட்டும் படித்தல் போதாது. அதிலுள்ள சம்பளக் கணக்கையும் படிக்க வேண்டும். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவருக்கு 30 கலம். மூலிகை கொணரும் இருவருக்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும். பணிவிடைப் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் 1 காசும். தலைக்குப் 15 கலம் என்று வைத்துக்கொண்டால், மருத்துவருக்குக் கிடைத்த நெல்லில் ஆறில் ஒரு பங்கு. மூலிகை பறித்து வந்தவருக்குக் கிடைத்ததில் பாதி. நாவிதருக்கும் தண்ணீர் கொணர்பவருக்கும் அதே 15 கலந்தான். மருத்துவத்தின் நான்கில் ஒரு பகுதி என்று நூல்கள் மதித்த தொழிலைக் கோயிற் கணக்கு இவ்வாறு மதித்தது. 15 படுக்கைகளுக்கு இரண்டு பெண்கள். அந்த ஒற்றை விளக்கின் கீழ் அவர்கள் எப்படி முறை வைத்துக்கொண்டனர், எப்போது கண்ணயர்ந்தனர் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. விளக்கின் எண்ணெய்க்கு ஏற்பாடு உண்டு. அவர்கள் உறக்கத்துக்கு ஏற்பாடு தெரியவில்லை.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. உழைச்செல்வான் என்ற சொல் ஆண்பால். புத்தரும் ஆனந்தரும் ஆடவர். சரகர் கூறும் நீராட்டுபவனும் சமைப்பவனும் ஆண்பாற் சொற்களாலேயே குறிக்கப்படுகின்றனர். திருமுக்கூடலில் பெண்களைக் காண்கிறோம். நோயாளியைப் பேணுவது இயற்கையிலேயே பெண்ணுக்கு உரியது என்ற முடிவு நம் பழைய நூல்களில் இல்லை. செவிலி என்ற சொல்லும் சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்ததேயன்றி மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்கவில்லை. இலங்கைத் தமிழர் இன்றும் தாதி என்றே வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் நாம் செவிலியர் என்று அழைக்கத் தொடங்கியபோது, தாய்மை என்ற மணம் அத்தொழிலோடு சேர்ந்துவிட்டது. அழகான சொல்தான். ஆயினும் தாய்க்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை என்பதையும் அச்சொல் நமக்குத் தெரியாமல் உடன் கொண்டு வந்துவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

நூல் ஒன்று சொல்ல நடைமுறை வேறொன்று சொல்வது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கூலிக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்றால் குடிகாரி என்பதே பொதுமக்கள் எண்ணம். 1843-44ஆம் ஆண்டுகளில் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய நாவல் ஒன்றில் வரும் கேம்ப் அம்மையார் என்ற பாத்திரம் அவ்வெண்ணத்தை நாடெங்கும் நிலைநாட்டியது. வேறு பிழைப்புக்கு வழியற்றவர்களே இவ்வேலைக்கு வந்தனர். குறைந்த கூலி பெற்றனர். பிறகு அவர்களை இழிந்தவர்கள் என்று உலகம் பழித்தது. அக்காலத்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இத்தொழிலை மேற்கொள்ள விரும்பியபோது வீட்டார் பல ஆண்டுகள் தடுத்ததில் வியப்பில்லை.

அவர் 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்ற வரலாற்றை நீங்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கையில் விளக்கேந்தி இரவில் படுக்கைதோறும் சென்ற பெண்மணியின் படத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையுமன்று. அவர் சென்ற பிறகும் அங்கே சாவு குறையவில்லை, ஏறியது. 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர் மாண்டனர். கிரிமியப் போர்க்களத்தின் குண்டுகளைவிடக் காய்ச்சலும் கழிச்சலுமே மிகுதியானவர்களைக் கொன்றன. கட்டடத்தின் அடியில் அடைபட்ட சாக்கடைகள் இருந்தன. மார்ச் மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து அவற்றைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூன் மாதத்துக்குள் சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிற்று.

போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல் அம்மையார், புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார் என்பவருடன் அமர்ந்து இக்கணக்குகளை ஆராய்ந்தார். விளக்கும் கருணையும் மட்டும் காப்பாற்றமாட்டா, சாக்கடையைப் பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பது அவ்வெண்களில் தெரிந்தது. அதை அவர் மறைக்கவில்லை. படம் வரைந்து அரசினருக்குக் காட்டினார். 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதற்பெண் அவரே. அவரை நான் மதிப்பது விளக்குக்காக அன்று. தாம் இருந்த இடத்தில் நேர்ந்த சாவுகளைத் தாமே எண்ணிப் பார்த்ததற்காகவே.

நோயாளியைப் பேணுவது பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1859இன் இறுதியில் வெளிவந்தது. அது மருத்துவமனைத் தாதியருக்கென்று எழுதப்பட்டதன்று. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதப்பட்டது. வீட்டுக்குள் வெளிக்காற்று வர வேண்டும் என்பதில் தொடங்கி, கஞ்சியின் பக்குவம் வரை அதில் உண்டு. நோயாளி உண்ணாமல் விட்ட உணவை, அப்புறம் உண்பார் என்று கட்டிலருகிலேயே வைத்துவிட்டுப் போவதை அவர் கண்டிக்கிறார். அறைக்கு வெளியே நின்று குசுகுசுவென்று பேசுவது நோயாளிக்குப் பெருங்கொடுமை என்கிறார். ஒன்றுமில்லை, விரைவில் எழுந்துவிடுவீர்கள் என்று பொய் ஊக்கம் ஊட்டும் விருந்தினரையும் அவர் விடவில்லை. இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்காதீர்கள். எத்தனை மணிநேரம், இரவின் எந்தப் பகுதியில் தூங்கினார் என்று கேளுங்கள் என்று கற்பிக்கிறார். முதற்கேள்விக்கு ஆம் என்ற சொல்லே விடையாக வரும். இரண்டாவது கேள்விக்குத்தான் செய்தி வரும். எல்லாவற்றையும்விட நுட்பமானது மற்றொன்று. நீங்கள் இருக்கும்போது நடக்கும் வேலை, நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதே பேணுதலில் பெரும்பகுதி என்பது அவர் கருத்து. எல்லாவற்றையும் நானே செய்வேன், என்னை விட்டால் ஆளில்லை என்று பெருமைப்படுகிறவர் நல்ல உழைச்செல்வர் அல்லர். அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் நோயாளியின் கதி என்னவாகும்?

1860இல் இலண்டனிலுள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. இத்தொழில் பழகிக் கற்க வேண்டியது, அதற்கு ஊதியமும் மதிப்பும் உண்டு என்ற நிலை அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் தகுதியுடையவர் யார் என்ற கேள்விக்கு அக்காலத்தார் கண்ட விடையில் ஒரு குறுகல் இருந்தது. பெண்ணே தக்கவள் என்று முடிவு செய்தனர். இங்கிலாந்தில் 1916இல் நிறுவப்பட்ட தாதியர் கல்லூரிக் கழகம் ஆடவரை உறுப்பினராக ஏற்கத் தொடங்கியது 1960இல்தான். புத்தரும் ஆனந்தரும் அதுவரை வாயிலில் காத்திருக்க வேண்டியதுதான்!

எல்லாப் பெண்களுக்கும் வாயில் திறந்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் 1805இல் பிறந்தவர் மேரி சீக்கோல். தந்தை ஸ்காட்லாந்துப் படைவீரர். தாய் கறுப்பினப் பெண். தாய் தங்கும் விடுதி நடத்திக்கொண்டே, அங்கு வரும் நோயுற்ற படைவீரர்களுக்கு நாட்டு மருந்து கொடுத்துப் பேணி வந்தவர். மகள் அதைப் பார்த்தே கற்றார். 1851 அளவில் பனாமாப் பகுதியில் காலரா பரவியபோதும், 1853இல் ஜமெய்க்காவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோதும் நோயாளிகளைப் பேணிய அனுபவம் அவருக்கு உண்டு. கிரிமியாவுக்குப் பணிவிடைப் பெண்கள் தேவை என்று கேள்வியுற்று இலண்டனுக்கு வந்து, போர் அலுவலகம் முதலாகப் பல கதவுகளைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. தம் தோலின் நிறம்தான் காரணமோ என்று தெருவில் நின்று கண்ணீர் விட்டதாகத் தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு அவர் சொந்தச் செலவில் கப்பலேறினார். 1855இல் பாலக்லாவாவுக்கு அருகில் தகரமும் மரமும் கொண்டு விடுதி ஒன்றை அமைத்து, உணவு விற்று, அவ்வருவாயைக் கொண்டே நோயாளிகளையும் கவனித்தார். குண்டுகள் விழும் இடத்துக்கே மருந்துப் பையோடு சென்றார். போர் திடீரென்று முடிந்தபோது வாங்கிவைத்த சரக்குகள் விலைபோகாமல் கடனாளியானார். அவரிடம் பணிவிடை பெற்ற படைவீரர்கள் 1857இல் அவருக்காக விழா நடத்திப் பணம் திரட்டினர். 1881இல் அவர் மறைந்தார். பிறகு ஏறக்குறைய நூறாண்டுக் காலம் உலகம் அவரை மறந்திருந்தது. 2016இல் அவருக்குச் சிலை எழுந்தது. அதுவும் நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி நடந்த அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில்.

விநய பிடகத்தின் ஐந்து இலக்கணங்களையும் கையில் வைத்துக்கொண்டு சீக்கோல் அம்மையாரைத் தேர்வு செய்திருந்தால் எந்த இலக்கணத்தில் அவர் தவறியிருப்பார்? ஒன்றிலும் இல்லை. தேர்வாளர்கள் கையில் இருந்த பட்டியல் வேறு.

நம் நாட்டிலும் அத்தகைய வேறு பட்டியல் ஒன்று இருந்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தாதியர் பயிற்சி தொடங்கியது. இராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் வேலூரில் தாதியர் பள்ளி ஒன்றை நிறுவினார். ஆனால் பிறர் உடம்பைத் தொடுவதும் கழிவை அகற்றுவதும் தீட்டு என்று எண்ணிய குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பவில்லை. அந்நிய ஆடவரைத் தொடுவாள், இரவில் வீட்டுக்கு வெளியே இருப்பாள் என்ற பழிச்சொல் வேறு. தொடக்கக் காலத்தில் இத்தொழிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவக் குடும்பத்துப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே. உழைச்செல்வானை மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்த நூலைப் பாடம் செய்த நாடு, அவனுடைய கையைத் தொட அஞ்சியது. அதன் விளைவை 1946இல் வெளியான போர் குழு அறிக்கையில் எண்ணாகவே காணலாம். ஜோசப் போர் என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த அக்குழு, இந்தியாவில் இருந்த தாதியர் ஏறத்தாழ 7,000 என்றும், மக்களில் 43,000 பேருக்கு ஒரு தாதி என்றும் கணக்கிட்டது. அதே கணக்கில் மருத்துவர் 6,300 பேருக்கு ஒருவர். மருத்துவர் ஏழு பேருக்குத் தாதி ஒருவர் என்ற அந்நிலை தலைகீழானது. அதே 1946இல் வேலூரிலும் தில்லியிலும் தாதியர் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற தாதியரை இன்று உலகின் பல நாடுகள் விரும்பி ஏற்கின்றன. பழைய தீட்டுப் பட்டியல் இத்தொழிலைப் பொறுத்தவரை பெரிதும் கிழிந்தது என்றே சொல்லலாம்.

மருத்துவமனைக்கு வெளியே கதை வேறு. நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டைத் தாதியர் ஆண்டாக அறிவித்திருந்தது. கொரோனாப் பெருந்தொற்று பரவியதும் அதே ஆண்டில்தான். தாதியருக்கு வீடுகளின் வாயிலில் நின்று மக்கள் கை தட்டினர். வீட்டுக்குள் படுத்த முதியவரை எழுப்பி, நீராட்டி, உணவூட்டியவர்களுக்கு யாரும் கை தட்டவில்லை. அவர்கள் தங்களை ஒரு தொழிலைச் செய்பவர்களாகவே எண்ணியிருக்க மாட்டார்கள். நம் நாட்டில் நோயாளிகளைப் பேணுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மனைவியரும் மருமக்களும் மகள்களுமே. அவர்களை யாரும் தேர்வு செய்யவில்லை. அவ்வீட்டில் அப்போது இருந்தார்கள் என்பதே அவர்களுடைய தகுதி. பயிற்சியும் இல்லை, மாற்று ஆளும் இல்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க, அசைய மாட்டாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவமனைகளில் கற்பிக்கின்றனர். ஒரே ஆள் அதை இரவு பகலாகச் செய்தால் அவர் உறங்குவது எப்போது என்ற கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளே போட்டுவிடலாம்.

கேரளத்தில் ஒரு சிறு கூட்டத்தார் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தனர். கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993இல், தீராத நோயால் வருந்துவோரின் வலியைத் தணிப்பதற்காகச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் மருத்துவர்களும் தாதியரும் மட்டும் போதமாட்டார்கள் என்பது தெரிந்தது. மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அண்டை வீட்டாரையே திரட்டினர். ஆசிரியர், கடைக்காரர், மாணவர் என்று ஆணும் பெண்ணுமாகப் பலர் வந்தனர். அவர்களுக்குக் குறுகிய பயிற்சி அளித்து, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, புண்ணை எப்படித் துப்புரவாக வைப்பது என்று கற்பித்தனர். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்திலும் வீட்டில் படுத்திருப்போரை நாடிச் சென்று பேணும் ஏற்பாடு இடம்பெற்றது.

மலப்புறத்துத் தொண்டர்கள் ஒரு வீட்டுக்குச் சென்றால் நோயாளியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. அவரைப் பேணுகிற மனைவியிடமோ மகளிடமோ அமர்ந்து அவர் துன்பத்தையும் கேட்கின்றனர். தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாக நோயாளியைத் தூக்குவதற்கு அன்று அவ்வீட்டில் இன்னும் இரண்டு கைகள் இருக்கின்றன.